குதிரைக்குட்டி சீம்பால் குடித்துவிட்டது. அது போதுமான அளவுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குட்டி காம்பில் வாய் வைத்ததைப் பார்த்ததோடு நிம்மதியாகிவிடாதீர்கள். உறுதியான விடை குட்டியின் இரத்தத்தில்தான் இருக்கிறது.

குதிரையின் நஞ்சுக்கொடி எதிர்ப்புப் புரதங்களைக் கடத்துவதில்லை. பிறக்கும்போது குட்டியின் இரத்தத்தில் ஐஜிஜி (IgG) என்னும் எதிர்ப்புப் புரதம் அநேகமாக இருக்காது. எல்லாம் சீம்பாலிலிருந்தே வரவேண்டும். அதைச் செரிக்காமல் முழுதாக உள்ளே விடும் குடல் செல்கள் முதல் 6 முதல் 8 மணி நேரம்தான் நன்றாக வேலை செய்யும். 24 மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே 1 மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரமாகியும் குடிக்கவில்லையா, மருத்துவரைக் கூப்பிடுங்கள். 50 கிலோ குட்டிக்குத் தரமான சீம்பால் 1 முதல் 1.5 லிட்டர் தேவை.

பலரும் ஏமாறுவது தரத்தில்தான். ஈனுவதற்கு முன்பே மடியிலிருந்து பால் ஒழுகியிருந்தால் சீம்பால் போய்விட்டது என்று பொருள்; தாய் அதை மறுபடி சுரக்காது. குட்டிக்கு வயிறு நிறையும், பாதுகாப்பு இருக்காது. மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். குட்டி குடிக்கும் முன் சில துளி கறந்து பிரிக்ஸ் மானியில் (சீம்பாலின் செறிவைச் சதவீதத்தில் காட்டும் கருவி) பாருங்கள். 23-க்கு மேல் இருந்தால் நல்லது. 20-க்குக் குறைந்தால் வேறு குதிரையின் சீம்பாலைத் தேடுங்கள். உறைய வைத்ததை வெதுவெதுப்பான நீரில் வைத்தே உருக்க வேண்டும். மைக்ரோவேவ் சூட்டில் புரதம் கெட்டுவிடும். சப்பத் தெம்பில்லாத குட்டியின் வாயில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். மூக்குவழிக் குழாய் மருத்துவர் வேலை.

இரத்தப் பரிசோதனையை 18 முதல் 24 மணி நேரத்துக்குள் எல்லாக் குட்டிகளுக்கும் செய்வது நல்லது. சந்தேகம் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்திலேயே பாருங்கள். குறை தெரிந்தால் சீம்பால் கொடுக்க அப்போது இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். ஐஜிஜி டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போதும். 400-க்குக் கீழே போனால் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். குடலின் அந்த வழி அடைபட்டபின் இரத்தநாளம் வழியே பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றுவதுதான் வழி. ஒரு லிட்டர் பல நேரம் போதாது. ஏற்றியபின் மறுபடி இரத்தம் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதே தாயின் முந்தைய குட்டி பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலையோடு இரத்தச்சிவப்பணு சிதைந்து இறந்திருந்தால், இந்தத் தாயின் சீம்பாலே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, குட்டிக்கு வாய்க்கூடு போட்டு, முதல் 24 முதல் 48 மணி நேரம் தாய்ப்பாலைக் கறந்து கொட்டிவிட்டு, வேறு குதிரையின் சீம்பாலைக் கொடுக்க வேண்டும்.