குட்டி வேண்டாம், வளர்ந்த நாயைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 63 வயது. கணவர் இறந்தபின் நங்கநல்லூர் ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். மகன் பெங்களூருவில். அண்மையில் ஒரு நாவல் படித்தேன். தினமும் மாலையில் நாயோடு பூங்காவுக்கு வரும் முன்பின் தெரியாத நாலு பேர், ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள். அதிலிருந்து நாய்க்குட்டி வாங்க ஆசை. “இந்த வயசுல எதுக்கும்மா வம்பு?” என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?
- வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரிக்கு, தாராளமாக வளர்க்கலாம். ஆனால் குட்டி வேண்டாம்.

நாவலில் அந்த நாலு பேரையும் சேர்த்து வைத்தது எது? தினமும் அதே நேரம், அதே பாதை. மனசு சரியில்லை என்று நாம் படுத்துவிடலாம்; நாயைக் காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போயே ஆகவேண்டும். தனியாக நடந்து போகிறவரிடம் யாரும் நின்று பேசுவதில்லை. கையில் நாய் இருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை “கடிக்குமா பாட்டி?” என்று கேட்கும், இஸ்திரி வண்டிக்காரர் “பேரு என்னம்மா?” என்பார். கொஞ்ச நாளில் தெருவுக்கே அதன் பெயர் தெரிந்துவிடும், அப்புறம் உங்களையும்.

வீட்டுக்குள்ளும் ஆறுதல் உண்டு. நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் பாசத்தை வளர்க்கும் அதே ஹார்மோன்தான்.

குட்டி ஏன் வேண்டாம்? செருப்பைக் கடிக்கும், ராத்திரி அழும், வெளியே போனால் திடீரென்று இழுக்கும். இந்த வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். நாய் பன்னிரண்டு, பதினான்கு வருடம்கூட வாழும் என்பதையும் யோசியுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று யாராவது ஆசை காட்டினாலும் வேண்டாம். அவை வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை, ஓட இடம் வேண்டும். 1959-இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் விலங்குக் காப்பகம் உங்களுக்குப் பக்கத்தில் வேளச்சேரியில்தான் இருக்கிறது. அங்கே கருத்தடை செய்த, நான்கைந்து வயதான நாட்டு நாய் இருக்கிறதா என்று கேளுங்கள். வருகிறவர்கள் குட்டிகளையே தூக்கிக் கொஞ்சுவார்கள். வளர்ந்த நாய்கள் பார்த்துக்கொண்டே நிற்கும். எனக்கு மனசு தாங்காத காட்சி அது.

வெறிநோய்த் தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள், மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடுங்கள். சாப்பாட்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மிச்சமான வெங்காய சாம்பார் சாதத்தைப் பாசத்தோடு வைத்துவிடுவோம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். பாயசத்தில் கிடக்கும் திராட்சை சிறுநீரகத்தையே கெடுக்கலாம். தயிர்சாதம் கொடுக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. வேகவைத்த முட்டையாவது சேருங்கள். சித்திரை, வைகாசியில் நடக்கக் கிளம்பும் முன் புறங்கையைத் தார்ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காத சூட்டை அதன் பாதமும் தாங்காது.

மகனின் கவலையும் நியாயம்தான். நீங்கள் பெங்களூரு போகும்போது நாயை யார் பார்ப்பார்கள், உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் நடக்கக் கூட்டிப்போவார்கள்? இரண்டுக்கும் ஆளைப் பேசி வைத்துக்கொண்டு மகனிடம் சொல்லுங்கள். ஆள் கிடைக்கும்வரை நாயை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அதுவரை வாரம் ஒருநாள் காப்பகத்துக்குப் போய்வாருங்கள். தன்னார்வலராக உதவ முடியுமா என்று அங்கேயே கேளுங்கள்.