கீழே தறி ஓடுது, மேலே தூக்கம் இல்லை: வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடு மாடி வீட்டில் குடியிருக்கிறார். 11 மாத ஒப்பந்தம். குடிவந்தபோது கீழே வீட்டுக்காரர் குடும்பம் மட்டும்தான் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் கீழ்ப்பகுதியில் விசைத்தறி இறக்கிவிட்டார், ராத்திரி ஒரு மணி வரை ஓடுகிறது. சமையல் மேடையில் வைத்த டம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக அதிர்கிறதாம், சின்னவன் தூக்கத்தில் எழுந்து அழுகிறானாம். கேட்டதற்கு, பிடிக்கவில்லை என்றால் இரண்டு நாளில் காலி பண்ணுங்கள் என்கிறார். தண்ணீர் மோட்டார் போடுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் வாசகி குளித்துக்கொண்டிருக்கும்போது தொட்டியைப் பார்க்க வந்தேன் என்று மாற்றுச் சாவி போட்டு உள்ளேயே வந்துவிட்டார். கணவர் வாடகையை நிறுத்திவிடலாம் என்கிறார். என்ன செய்வது?

சகோதரி, முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், வாடகையை ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்று. கோபம் நியாயமானதுதான், ஆனால் உங்கள் உரிமை நிற்பதே அந்த வாடகையின் மேல்தான். 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-வது பிரிவில், வாடகையைக் கொடுத்து ஒப்பந்தப்படி நடக்கிற குடியிருப்பவர் ஒப்பந்தக் காலம் முழுக்க இடையூறு இல்லாமல் வீட்டை அனுபவிக்கலாம் என்று இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி எழுதாவிட்டாலும், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது எழுதியிருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாடகையை நிறுத்தினீர்கள் என்றால், தறியை விட்டுவிட்டு பாக்கியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். இரண்டு மாதப் பாக்கி விழுந்து, நோட்டீஸ் வந்தும் கட்டாமல் விட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்ல அவருக்கே ஒரு காரணம் கிடைத்துவிடும். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்புங்கள், அதுவும் திரும்பினால், வாடகைத் தகராறுகளைக் கவனிக்கிற அரசு அமைப்பான வாடகை ஆணையத்தில் கட்ட வழி இருக்கிறது.

சாவி போட்டு வந்த விஷயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. வீடு அவருடையதுதான், ஆனால் வாடகைக்கு விட்டபிறகு சுவாதீனம் உங்களுடையது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிற 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும், எதற்காக வருகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தண்ணீரும் அப்படித்தான். தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு எல்லாம் அத்தியாவசியச் சேவைகள், என்ன தகராறு இருந்தாலும் வீட்டுக்காரர் இவற்றை நிறுத்தக் கூடாது. நீங்கள் மனுக் கொடுத்தால், முழு விசாரணை முடியும் முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி வாடகை ஆணையம் இடைக்கால உத்தரவு போடலாம். உங்கள் பிரச்சினையில் சீக்கிரம் பலன் கிடைக்கிற இடம் இதுதான் என்பதால் மனுவில் தண்ணீரை முதலில் எழுதுங்கள், தறி அடுத்த பத்தியில் வரட்டும். இரண்டு நாளில் காலி பண்ணு என்பதெல்லாம் வெறும் பேச்சு, வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது.

சரி, தறிச் சத்தம். இடையூறில்லாத அனுபவம் என்றால் சத்தமே இருக்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை. அம்மாப்பேட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், பல குடும்பத்துக்குச் சோறு போடுவது அதுதான், அதை நானும் மதிக்கிறேன். குடிவரும்போதே தறி ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் கட்சி பலவீனம். ஆனால் உங்களிடம் வாடகை வாங்கிக்கொண்டே அவரே பிறகு கொண்டுவந்து இறக்கியிருக்கிறார், அதுவும் நடுராத்திரி வரை ஓட்டுகிறார். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சேலம் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். போன் ஆப்பில் அளந்ததை வைத்து மட்டும் நிற்காதீர்கள், எதிர்த்தரப்பு அதை ஒரே கேள்வியில் தள்ளிவிடும். அதைவிட ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, தறி ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், அன்றைக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா. ஒரு மாதம் விடாமல் எழுதினால் அது நல்ல சாட்சி. வீட்டு மின் இணைப்பில் தறி ஓட்டுகிறார் என்று மின்வாரியத்துக்கு எழுதச் சிலர் சொல்லுவார்கள், நான் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அதைச் செய்தால் சமாதானத்துக்கு இடமே இருக்காது, நீங்கள் கேட்பதும் இரவு பத்துக்கு மேல் தறி நிற்க வேண்டும் என்பதுதானே.

ஒரு ஓட்டை இருக்கிறது, அதை இந்த வாரமே அடையுங்கள். உங்கள் ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இருக்கிறதே தவிர வாடகை ஆணையத்தில் பதிவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். அரசின் வாடகை இணையதளத்தில் பதியலாம், இருவரும் சேர்ந்து கொடுப்பதுதான் முறை, அவர் வராவிட்டால் உங்கள் பக்க விவரத்தை நீங்கள் தனியாகத் தாக்கல் செய்யுங்கள்.

அப்புறம், வக்கீல் செலவுக்குப் பயந்து உட்கார்ந்துவிட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். வழக்குப் போடும் முன்பே வீட்டுக்காரரை அழைத்துப் பேசிமுடிக்கவும் அங்கே வசதி இருக்கிறது, தறி நேரத்தை மாற்றுவது மாதிரி விஷயங்கள் அப்படித்தான் பெரும்பாலும் முடிகின்றன. போகும்போது ஒப்பந்த நகல், வாடகை அனுப்பியதற்கான வங்கி விவரம், அந்த நோட்டு மூன்றையும் ஒரு பையில் எடுத்துப்போங்கள்.