எக்ஸ்டென்ஷனும் ஹோஸ்ட்டும்: வாசகர் கேள்விகள்

போடியில் ஏலக்காய்க் கடை. எலக்ட்ரானிக் தராசின் எடை நேராக குரோம் பில்லில் விழ வேண்டும். நேட்டிவ் ஹோஸ்ட் (எக்ஸ்டென்ஷனோடு, அதாவது பிரவுசரில் சேர்க்கும் சின்ன புரோகிராமோடு, பிரவுசருக்கு வெளியே இருந்து பேசும் புரோகிராம்) எழுத வேண்டுமா?

தராசு சீரியல் போர்ட்டில்தானே? வேண்டாம். குரோம் 89 முதல் வெப் சீரியல் (வெப்பக்கமே சீரியல் போர்ட்டைப் படிக்கும் வசதி) இருக்கிறது. பக்கம் எச்டிடிபிஎஸ்-இல் இருந்தால், ஒருமுறை பட்டனை அழுத்திப் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள், போதும். ஹோஸ்ட் இல்லாமல் முடிகிற வேலைக்கு ஹோஸ்ட் எழுதாதீர்கள்.

ஹோஸ்ட் காணவில்லை என்று எரர் வருகிறது. அவசரம். (செங்கோட்டை)

எந்த பிரவுசர், எந்த சிஸ்டம் என்று எழுதவில்லை. அவசரம் என்பவர் அதையாவது சொல்ல வேண்டாமா? விண்டோஸ், குரோம் என்றால் ரெஜிஸ்ட்ரியில் ஹோஸ்ட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் என்றால் மேனிஃபெஸ்ட்டில் (ஹோஸ்ட்டை பிரவுசருக்கு அறிமுகப்படுத்தும் ஃபைல்) ஹோஸ்ட் புரோகிராமின் முழுப் பாதையும் வேண்டும். ஹோஸ்ட் பெயரில் பெரிய எழுத்தும் ஹைஃபனும் கூடாது.

தமிழ், மலையாளப் பெயர்கள் வந்தால் மட்டும் ஹோஸ்ட் தொங்கிவிடுகிறது. (பாலக்காடு)

நீளத்தை எழுத்துக் கணக்கில் எண்ணுகிறீர்கள். செய்திக்கு முன்னால் போகும் 4 பைட்டில் இருக்க வேண்டியது பைட் கணக்கு. யுடிஎஃப்-8இல் இரண்டு மொழிக்கும் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். 'மா' என்றாலே 6. முதலில் என்கோட் செய்து, அப்புறம் எண்ணுங்கள்.

பைத்தான் ஹோஸ்ட் முதல் செய்தியிலேயே செத்துவிடுகிறது. (நாகர்கோவில்)

எங்கோ ஒரு பிரின்ட்டை விட்டு வைத்திருக்கிறீர்கள். பிரின்ட் போகும் ஸ்டேண்டர்ட் அவுட்புட் வழியாகத்தான் ஹோஸ்ட் பிரவுசரோடு பேசுகிறது. ஆங்கிலச் சின்ன எழுத்தில் 'ஹலோ' என்று பிரின்ட் செய்தால் அதன் முதல் நான்கு எழுத்தை பிரவுசர் நீளமாக எடுத்துக்கொள்ளும்: சுமார் 180 கோடி பைட். ஹோஸ்ட்டிலிருந்து வரும் ஒரு செய்திக்கு எல்லை 1 எம்பிதான். உடனே இணைப்பை வெட்டிவிடும். லாக் எல்லாம் ஸ்டேண்டர்ட் எரருக்குப் போகட்டும்.

எக்ஸ்டென்ஷன் அனுப்பும் கமாண்டை ஹோஸ்ட் அப்படியே ஷெல்லில் (கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்) ஓட்டும். மேனிஃபெஸ்ட்டில் எங்கள் எக்ஸ்டென்ஷனின் ஐடி மட்டும்தான் இருக்கிறது. பாதுகாப்புதானே? (தென்காசி)

இல்லை. இந்தக் கேள்வி மாதம் ஒன்றாவது வருகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் புளியரைப் பக்கத்துக் கடை ஒன்றுதான் நினைவுக்கு வரும். கேரளாவுக்குப் போகும் லாரிச் சரக்குக்கு அங்கே பில் அடிப்பார்கள். பார்ட்டி பெயரையே ஃபைல் பெயராக்கி, ஹோஸ்ட் அதை ஷெல் மூலம் பிரின்டருக்கு அனுப்பும். ஒரு பார்ட்டிக்கு மட்டும் பில் வரவே வராது. லாக்கைத் திறந்தேன். 'சன்ஸ்' என்று ஒரு கமாண்ட் இல்லை என்று விண்டோஸ் சொல்லியிருந்தது. பெயரின் நடுவில் '&' குறி; அதற்குப் பின்னால் இருந்ததை ஷெல் இன்னொரு கமாண்டாக எடுத்து ஓட்டப் பார்த்திருக்கிறது. அந்த இடத்தில் 'சன்ஸ்' இருந்ததால் தப்பித்தார்கள். ஃபோல்டரை அழிக்கும் கமாண்ட் இருந்திருந்தால் அதுவும் ஓடியிருக்கும்.

மேனிஃபெஸ்ட்டில் உள்ள ஐடி எந்த எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்டை எழுப்பலாம் என்பதை மட்டுமே சொல்லும். செய்திக்குள் என்ன இருக்கிறது என்று பிரவுசர் பார்க்காது. ஹோஸ்ட் பிரவுசரின் சாண்ட்பாக்ஸுக்கு, அதாவது பாதுகாப்பு வேலிக்கு, வெளியே, உங்கள் லாகினுக்கு உள்ள முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. எக்ஸ்டென்ஷனுக்குச் செய்தி தரும் கன்டென்ட் ஸ்கிரிப்ட்டோ வெப்பக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்த வெப்பக்கத்தில் யாரோ எழுதியது மூன்று கை மாறி உங்கள் ஷெல்லுக்கு வந்து சேரும்.

ஹோஸ்ட்டுக்குத் தெரிந்த வேலை நாலே நாலாக இருக்கட்டும்: பில் அடி, எடை படி, இப்படி. பட்டியலில் இல்லாதது வந்தால் மறுத்துவிடட்டும். ஷெல்லைத் தொடாதீர்கள், ஆர்க்யுமென்ட்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். ஃபைல் பெயரை ஹோஸ்ட்டே வைக்கட்டும், பில் நம்பர் போதும். அட்மின் உரிமையில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ஹோஸ்ட்டுக்குப் பதில் 127.0.0.1-இல் சின்ன சர்வர் வைத்தால்? (கம்பம்)

மெஷினில் உள்ள வேறு எந்த புரோகிராமும் அந்தக் கதவைத் தட்டலாம். பிரவுசரின் பக்கத்து டேப்பில் திறந்திருக்கும் வெப்சைட்டும் தட்டிப் பார்க்கலாம். வெப்சாக்கெட் என்றால் ஆரிஜினை (எந்த வெப்சைட்டிலிருந்து வருகிறது என்பதை) சரிபார்ப்பதும் உங்கள் தலையில் விழும். ஹோஸ்ட்டே நல்லது. நாலே வேலை, மறக்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றியதும் ஹோஸ்ட் மறுக்கிறது. (மார்த்தாண்டம்)

அன்பேக்டு (ஃபோல்டரிலிருந்து நேராக ஏற்றிய) எக்ஸ்டென்ஷனின் ஐடி ஃபோல்டர் பாதையிலிருந்து வருவது. எக்ஸ்டென்ஷன் மேனிஃபெஸ்ட்டில் கீ சேர்த்தால் ஐடி நிலைக்கும். ஹோஸ்ட் மேனிஃபெஸ்ட்டில் 'எல்லோருக்கும் அனுமதி' என்று நட்சத்திரக் குறி போட நினைக்காதீர்கள், அது அங்கே செல்லாது.

ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு நொடி தாமதம். (சித்தூர்)

ஒற்றைச் செய்தி முறையில் அனுப்புகிறீர்கள் போல. அதில் ஒவ்வொரு தடவையும் ஹோஸ்ட் புதிதாக எழும்பும். கனெக்ட் நேட்டிவ் மூலம் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே அனுப்புங்கள்.