கணினிக் கேள்வி-பதில்: ஒருவர் கேட்க, எல்லாப் பாக்கெட்டுக்கும் முத்திரை

கேள்வி: யுடிபி என்ற நெறிமுறை வழியாக நொடிக்கு மூன்று லட்சம் பாக்கெட் வாங்கும் லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பராமரிக்கிறேன். சென்ற மாதம் அதை மறுதொடக்கம் செய்த நாள் முதல், அதே சுமைக்குச் செயலியின் ஒரு கோர் திணறுகிறது. எந்தச் செயற்கூறு அதிக நேரம் எடுக்கிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை ஓட்டிப் பார்த்தால், எச்பிஇடி கடிகாரத்தைப் படிக்கும் 'ரீட் எச்பிஇடி' என்ற செயற்கூறு பட்டியலின் உச்சியில் நிற்கிறது. எங்கள் நிரலில் நேரம் கேட்கும் வரி ஒன்றுகூட இல்லை. பிறகு யார்தான் கேட்கிறார்கள்?

பதில்: உங்கள் நிரல் கேட்காவிட்டாலும், அதே இயந்திரத்தில் ஓடும் வேறொரு நிரல் கேட்டிருக்கும். பெரும்பாலும் அது கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் என்டிபி நிரலாக இருக்கும். தனக்கு வரும் பாக்கெட் எந்தக் கணத்தில் வந்து சேர்ந்தது என்பதை அறிந்தால்தான் அதன் கணக்கு சரியாக வரும் என்பதால், அது தன் சாக்கெட்டில் (தரவை வாங்கவும் அனுப்பவும் நிரல் திறக்கும் வாயில்) 'டைம்ஸ்டாம்ப்', அதாவது நேர முத்திரை, என்ற விருப்பத்தை இயக்கிவைக்கிறது. கேட்டது ஒரே ஒரு சாக்கெட். ஆனால் முத்திரை விழுவதோ உள்ளே வரும் எல்லாப் பாக்கெட்டுக்கும்.

இது ஏன் என்று புரிந்துகொள்ள, ஒரு பெரிய அலுவலகத்தின் தபால் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவு மட்டும் 'எங்களுக்கு வரும் கடிதங்கள் வந்த நேரம் வேண்டும்' என்று கேட்கிறது. வாசலில் உறையை வாங்குபவருக்கோ, பிரித்துப் பார்க்கும்வரை எந்தக் கடிதம் எந்தப் பிரிவுக்கு உரியது என்று தெரியாது. பிரித்த பிறகு குறித்தால் அது வந்த நேரமாக இராது. ஆகவே அவர் எல்லா உறைக்கும் முத்திரை குத்துகிறார். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிலையும் இதுவே. நெட்வொர்க் கார்டிடமிருந்து பாக்கெட்டை வாங்கும் இடத்தில், அது எந்த சாக்கெட்டுக்குப் போகப்போகிறது என்ற தகவல் இன்னும் கிடைத்திருக்காது.

யாருமே கேட்காதபோது ஏறத்தாழ எந்தச் செலவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லினக்ஸ் இதற்கென ஒரு பொதுச் சுவிட்சை வைத்திருக்கிறது; அது அணைந்திருக்கும்போது அந்த இடத்தில் எதுவும் செய்யாத வெற்றுக் கட்டளை ஒன்றுதான் இருக்கும். முதல் சாக்கெட் கேட்டவுடன் கெர்னல் தன் நிரலையே அந்த இடத்தில் திருத்தி எழுதிக்கொள்கிறது. கேட்ட கடைசி சாக்கெட் மூடப்பட்டதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையும் இதே விருப்பத்தைக் கேட்பது வழக்கம் என்பதால், வேகத்தைச் சோதிக்க அதே சர்வரிலிருந்து பிங் ஓட்டினால் அளக்கப்படும் பொருளே மாறிவிடக்கூடும். ஒரு காலத்தில், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பதிவு நிரல், நெட்வொர்க்கோடு சம்பந்தமே இல்லாத யூனிக்ஸ் சாக்கெட்டில் நேரம் கேட்டதற்காகக்கூட இந்தச் சுவிட்ச் விழித்துக்கொண்டது. 2015இல்தான் அதைத் திருத்தினார்கள்.

ஆனால் உங்கள் சர்வரைத் திணறடிப்பது முத்திரை அல்ல, கடிகாரம். இப்போதைய செயலிகளில் டிஎஸ்சி என்ற எண்ணி செயலிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் படித்து நேரமாக மாற்றுவதற்குச் சில பத்து நானோ நொடிகள் போதும். கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பது போன்ற வேலை. எச்பிஇடி அப்படியல்ல. அது செயலிக்கு வெளியே, எல்லாக் கோர்களுக்கும் பொதுவாக இருக்கும் ஒரே கடிகாரம். ஒவ்வொரு முறையும் அங்கே போய்ப் படித்துவர ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி பிடிக்கும். பல கோர்கள் ஒரே நேரத்தில் கேட்டால் வரிசையில் நிற்கவும் வேண்டும். ஒரு மைக்ரோ நொடி என்றே வைத்துக்கொண்டு மூன்று லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு நொடியிலும் 0.3 நொடி, அதாவது ஒரு கோரின் முப்பது சதவீதம், மணி பார்ப்பதற்கே போய்விடுகிறது. 1 கிகாபிட் இணைப்பு 64 பைட் பாக்கெட்டுகளால் நிரம்பினால் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் காலமே 672 நானோ நொடிதான்; 10 கிகாபிட்டில் 67.2 நானோ நொடி. எச்பிஇடியை ஒரு முறை படிக்கவே இது போதாது.

மறுதொடக்கத்துக்குப் பின் இது நேர்ந்ததால், கெர்னலின் கண்காணிப்பு ஏற்பாடு டிஎஸ்சியை 'நிலையற்றது' என்று ஒதுக்கிவிட்டு எச்பிஇடிக்கு மாறியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். சிஸ் கோப்பு முறைமையின் கிளாக்சோர்ஸ் அடைவில் தற்போதைய கடிகாரத்தின் பெயர் இருக்கும்; மாறிய காரணம் கெர்னலின் தொடக்கப் பதிவில் இருக்கும். இரண்டையும் முதலில் பாருங்கள். தாய்ப்பலகையின் ஃபர்ம்வேர் பழையது என்றால் புதுப்பியுங்கள். டிஎஸ்சியை நம்பும்படி கெர்னலுக்குத் தொடக்கத்திலேயே கட்டளையிடும் வழியும் உண்டு. ஆனால் எண்ணி உண்மையிலேயே பிசகாக ஓடும் இயந்திரத்தில் அப்படிச் செய்தால் நேரமே தவறிவிடும் என்பதால், காரணம் தெரியாமல் அதைத் தொடாதீர்கள். என்டிபியை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்தினால் சுமை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது.

கேள்வி: ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கடிகாரத்தைப் படிக்காமல், ஒரு தொகுதிக்கு ஒரே நேரத்தைப் போட்டால் என்ன?

பதில்: போடலாம், ஆனால் முத்திரையின் பொருள் மாறிவிடும். லினக்ஸில் டிரைவர் ஒரு சுற்றில் வழக்கமாக 64 பாக்கெட் வரை எடுக்கிறது. அத்தனைக்கும் ஒரே நேரம் என்றால், பாக்கெட்டுகளுக்கு இடையிலான இடைவெளியை அளப்பவருக்கு அது பயன்படாது. இன்னும் மலிவான வழி, கெர்னல் தன் ஒவ்வொரு துடிப்பிலும் குறித்துவைக்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது. நொடிக்கு 250 துடிப்பு என அமைத்த கெர்னலில் அந்த நேரம் 4 மில்லி நொடி வரை பின்தங்கியிருக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் இந்த முடிவைப் பயனரிடமே விட்டிருக்கிறது: பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்க உதவும் அதன் பிபிஎஃப் சாதனத்தில் துல்லியமான நேரம், துல்லியம் குறைந்த விரைவான நேரம், நேரமே வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது கெர்னலுக்குத் தெரியாது, கேட்பவருக்குத்தான் தெரியும்.

லினக்ஸில் வேறொரு வழி உண்டு. பாக்கெட்டுகளைப் பல கோர்களுக்குப் பகிரும் ஆர்பிஎஸ் வசதியைப் பயன்படுத்துபவர்கள் 'நெட்டெவ் டிஸ்டாம்ப் ப்ரீக்யூ' என்ற அமைப்பைச் சுழியமாக்கினால், பகிர்ந்த பிறகே முத்திரை விழும். நேரம் சற்றுத் தாமதமாகக் குறிக்கப்படும். அதற்கு ஈடாக வேலை ஒரே கோரின் தலையில் விழாது.

கேள்வி: டிசிபி டைம்ஸ்டாம்ப்பை அணைத்தால் இந்தச் சுமை குறையும் என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார். டிசிபி டைம்ஸ்டாம்ப் என்பது, 1992இல் ஆர்எஃப்சி 1323 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வரையறுத்து, 2014இல் ஆர்எஃப்சி 7323 புதுப்பித்த நெறிமுறை விருப்பம். பாக்கெட்டின் உள்ளேயே பயணம் செய்யும் ஓர் எண். போய்வரும் நேரத்தை அளக்கவும், வரிசை எண் சுற்றிவந்துவிட்ட பழைய பாக்கெட்டுகளை அடையாளம் காணவும் அது உதவுகிறது. அணைத்தால் தலைப்பில் 12 பைட் மிச்சமாகும். நாம் பேசும் சுமை அப்படியே இருக்கும்.

கேள்வி: நெட்வொர்க் கார்டே நேரம் குறிக்கும் என்றால், கெர்னலின் முத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: கார்டு ஒத்துழைத்தால் விடலாம். கடிகாரங்களைத் துல்லியமாக ஒத்திசைக்கும் பிடிபி எனப்படும் ஐஇஇஇ 1588 நெறிமுறைக்காகவே பல கார்டுகளில் தனிக் கடிகாரம் வைக்கிறார்கள். ஆனால் சில கார்டுகள் பிடிபி பாக்கெட்டுகளுக்கு மட்டுமே நேரம் குறிக்கும். எல்லாப் பாக்கெட்டுக்கும் குறிக்குமா என்பதை ஈத்டூல் கருவி காட்டும். கார்டின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் வேறு வேறு என்பதால், இரண்டையும் இணைத்துவைக்கத் தனியாக ஒரு நிரல் ஓட வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. வன்பொருள் நேரத்தைக் கேட்கும் அதே அழைப்பில், எதற்கும் இருக்கட்டும் என்று மென்பொருள் நேரத்தையும் சேர்த்துக் கேட்கும் நிரல்கள் பல. மென்பொருள் நேரம் கேட்கும் அந்த இரண்டாவது கொடியை (விருப்பக் குறியை) கண்டதும் முதல் பதிலில் சொன்ன பொதுச் சுவிட்ச் இயங்கிவிடுகிறது. உங்கள் நிரலுக்கு வன்பொருள் நேரம் மட்டும் போதும் என்றால் அந்தக் கொடியை எடுத்துவிட்டு, பெர்ஃப்பை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கெர்னல் நேரம் படித்துக்கொண்டிருந்தால், சுவிட்சைப் பிடித்துவைத்திருப்பது அதே இயந்திரத்தின் வேறொரு சாக்கெட்.