பேட், துணி, கப்: மலைப்பக்கத்து ஆளுங்க கேட்டதும் நான் சொன்னதும்

குன்னூர் பக்கம் ஒரு மகளிர் குழு நாப்கின் யூனிட்ல ரொம்ப வருஷம் மெஷின் ஓட்டினவ நான். இந்த பேட் எங்கேர்ந்து வந்துச்சு, யார் கண்டுபிடிச்சான்னு தோண்டித் தோண்டி படிக்கிறது ஒரு பைத்தியமாவே ஆயிருச்சு. கேள்வி இருந்தா கேளுங்கன்னு சொன்னதுக்கு ஏகப்பட்டது வந்துருக்கு, ஆம்பளப் பசங்களும் கேட்டுருக்கீங்க, சந்தோஷம்.

ஊட்டியிலேர்ந்து ஒரு காலேஜ் பொண்ணு: அக்கா, எகிப்துக்காரங்க அந்தக் காலத்துலயே பாப்பிரஸ்னு ஒரு கோரைப்புல்லுல டாம்பான் (உள்ள வச்சுக்கிற பஞ்சு) செஞ்சாங்களாமே, நிஜமா?

பதில்: எல்லா இடத்துலயும் இத எழுதி வச்சுருக்காங்க மா, ஆனா உருப்படியா ஒரு ஆதாரமும் கிடையாது, ஒருத்தர் எழுதினத இன்னொருத்தர் காப்பி அடிச்சதுதான். எல்லா ஊர்லயும் பெரும்பாலும் பழந்துணிதான் ஓடிச்சு. கடையில வித்த பேட்னா 1880கள், 90கள்ல இங்கிலாந்துல சவுத்தால்ஸ் கம்பெனி போட்டது. 1896ல அமெரிக்காவுல ஜான்சன் அண்ட் ஜான்சன் லிஸ்டர்ஸ் டவல்னு ஒண்ணு கொண்டாந்தாங்க, சரியா போணியாகல. பொருள்ல கோளாறு இல்ல, கடையில போய் வாய்விட்டுக் கேக்க பொம்பளைங்க கூச்சப்பட்டாங்க, அவ்ளோதான்.

கோத்தகிரியிலேர்ந்து ஒரு தம்பி: யுத்தத்துல காயத்துக்கு கட்டுற பஞ்சுதான் பேட் ஆச்சுன்னு எங்க சார் சொன்னாரு. எப்படிக்கா?

பதில்: உங்க சார் சொன்னது சரிதான். முதல் உலகப்போர் சமயம் பருத்திக்கு தட்டுப்பாடு, கிம்பர்லி கிளார்க்னு ஒரு பேப்பர் கம்பெனி மரக்கூழ்லேர்ந்து செல்லுகாட்டன்னு ஒண்ணு செஞ்சு ராணுவத்துக்கும் செஞ்சிலுவைக்கும் குடுத்துச்சு, பருத்திப் பஞ்சவிட அஞ்சு மடங்கு உறிஞ்சும்னு கம்பெனி கணக்கு. போர்ல காயம்பட்டவங்கள பாத்துக்கிட்ட நர்ஸுங்க, இது ரத்தத்துக்குத்தானே, நமக்கும் ஆகும்னு எடுத்து வச்சுக்க ஆரம்பிச்சாங்க. 1918ல சண்டை முடிஞ்சதும் ராணுவ ஆர்டர் நின்னு போச்சு, சரக்கு தேங்கிருச்சு, அப்பதான் கம்பெனிக்கு நர்ஸுங்க ஞாபகம் வந்து 1920ல கோடெக்ஸ்னு இறக்குனாங்க. ஆனா மறுபடி அதே கூச்சம். கவுண்டர் மேல பேட் டப்பாவும் பக்கத்துல காசு போட ஒரு டப்பாவும் வச்சு, யார்கிட்டயும் பேசாம எடுத்துட்டுப் போங்கன்னு விட்டதுக்கப்புறம்தான் வியாபாரம் சூடு பிடிச்சுது. 1928ல மோடெஸ்னு இன்னொரு பிராண்ட் இன்னும் ஒரு படி மேல, விளம்பரத்துலயே ஒரு கூப்பன், அத வெட்டி கடைக்காரர்கிட்ட நீட்டினா போதும், வாயே தொறக்க வேணாம். நம்ம ஊர் மெடிக்கல்ல இன்னிக்கும் நியூஸ்பேப்பர்ல சுத்தித்தானே குடுக்குறாங்க? கீழ சமவெளியில கருப்பு கவர், நீலகிரியில பிளாஸ்டிக் கவருக்கு தடைங்கறதால பேப்பர், வித்தியாசம் அவ்ளோதான். நூறு வருஷமா பஞ்ச மாத்திட்டாங்க, கூச்சத்த மாத்தல.

கொடைக்கானல்லேர்ந்து ஒரு அக்கா: எங்கம்மா இடுப்புல பெல்ட் கட்டுவாங்க, அது என்னது?

பதில்: பேட் பின்னாடி பசை வர்றதுக்கு முன்னாடி அதான் வழி கா, எலாஸ்டிக் பெல்ட்ல பேட்டோட ரெண்டு முனையயும் மாட்டிக்கணும், இல்லாட்டி சேஃப்டி பின். அமெரிக்காவுல மேரி கென்னர்னு ஒரு கறுப்பின அம்மா, நல்லா பொருந்துற மாதிரி ஒரு பெல்ட்டுக்கு 1956ல பேட்டண்ட் வாங்குனாங்க. ஒரு கம்பெனி வாங்கிக்கிறோம்னு வந்துட்டு, அவங்க நிறத்தப் பாத்ததும் கழண்டுகிச்சு. எனக்கு இந்தக் கதைய நினைச்சாலே எரியும். 1970 வாக்குல பசை வந்துச்சு, பெல்ட் போச்சு.

குன்னூர்லேர்ந்து ஒரு தம்பி: நம்ம மலை பூரா கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நிக்குதே, அதுல பேட் செய்ய முடியாதா?

பதில்: நல்ல கேள்வி தம்பி, யூனிட்ல நாங்களே பேசிக்குவோம். கற்பூர மரத்து நார் குட்டை, பேப்பருக்கும் ரேயானுக்கும் ஓகே, நம்ம மலை கற்பூர மரமும் சீகை (வாட்டில்) மரமும்தான் ஒரு காலத்துல லாரி லாரியா சிறுமுகை விஸ்கோஸ் (ரேயான்) ஆலைக்கு இறங்குச்சு. பேட்டுக்கு நீள நார் வேணும், பைன் மரக்கூழ், அதனால பெரும்பாலும் இறக்குமதிதான். மலிவா பேட் செய்யப் பாத்த கோயம்புத்தூர் முருகானந்தம் வருஷக்கணக்கா பருத்திய வச்சு போராடித் தோத்ததும் இதனாலதான், கம்பெனிக்காரன் போடுறது மரக்கூழ்னு தெரிஞ்சப்புறம்தான் அவருக்கு வழி தொறந்துச்சு. அத அரைச்சு, அழுத்தி, ஒட்டுற சின்ன மெஷின அவரே செஞ்சாரு, 2016ல பத்மஸ்ரீ.

கூடலூர்லேர்ந்து, கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா: எங்களுக்கு துணிதான் பழக்கம். ஆடி மழையில நாலு நாளானாலும் காயாது. அது கெடுதலா?

பதில்: துணி கெடுதல் இல்லீங்கம்மா, காயாத துணிதான் கெடுதல். கீழ்நாட்டுல வெயில் இருக்கு, நமக்கு மூடுபனியும் சாரலும், அதுலயும் யாரும் பாக்கக்கூடாதுன்னு பாவாடைக்கு அடியில மறைச்சு காயப்போட்டா அது எப்பக் காயும்? ஈரத்துணி கட்டினா அரிப்பு, புண்ணு. சோப்புப் போட்டு அலசி, அடுப்பு இருக்குற ரூம்ல கொடி கட்டி விரிச்சுப் போடுங்க, அப்பவும் ஈரம் தட்டுச்சுன்னா சூடா அயர்ன் பண்ணிருங்க. மழை மாசத்துக்கு மட்டும் பேட் வாங்கி வச்சுக்கிட்டாலும் தப்பில்ல, மக்கள் மருந்தகத்துல 2019லேர்ந்து ஒண்ணு ஒரு ரூபாய்னு தர்றாங்க. பொண்ணு இருந்தா, தமிழ்நாடு அரசோட புது யுகம் திட்டத்துல 10லேர்ந்து 19 வயசு வரைக்கும் கிராமத்துப் பொண்ணுங்களுக்கு இலவசம், 2012லேர்ந்து நடக்குது, நர்ஸம்மாகிட்டயோ ஸ்கூல்லயோ கேளுங்க.

அதே அம்மா: தோட்டத்துல கக்கூஸ் இல்ல, காலையில போனா சாயந்திரம்தான். கப்னு ஏதோ சொல்றாங்களே?

பதில்: ரத்தத்த புடிக்க உள்ள வச்சுக்கிற குட்டிக் கிண்ணம்தான்மா கப். புதுசு மாதிரி பேசுறாங்க, 1937லயே லியோனா சால்மர்ஸ்னு ஒரு நடிகை ரப்பர் கப்புக்கு பேட்டண்ட் வாங்கியாச்சு, ரெண்டாம் உலகப்போர்ல ரப்பர் கிடைக்காம படுத்துருச்சு. இப்ப வர்றது சிலிக்கோன். எட்டுலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் தாங்கும், அதனால காலையில லயத்து வீட்டுல வச்சுட்டுப் போயி திரும்பி வந்து எடுத்தா பெரும்பாலும் போதும், தோட்டத்துல மாத்த வேண்டி வராது. கை நல்லா கழுவணும், மாசாமாசம் கொதிக்கவச்சு எடுக்கணும். மொதல் ரெண்டு மாசம் தடுமாறும், சிலருக்கு சரிப்படாது, அதுக்காக வருத்தப்படாதீங்க. காப்பர் டி வச்சிருந்தா டாக்டர கேக்காம போடாதீங்க.

பந்தலூர்லேர்ந்து ஒரு பொண்ணு: டாம்பான் ஆபத்தா?

பதில்: ஏர்ல் ஹாஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1933ல பேட்டண்ட் வாங்குன டாம்பான்தான் டாம்பாக்ஸ்ங்கற பிராண்ட் ஆச்சு. 1980ல ரிலைனு ஒரு பிராண்ட, அதிகமா உறிஞ்சுறேன்னு செஞ்சது, டாக்ஸிக் ஷாக்னு கிருமி விஷம் உடம்புல ஏறுற நோய் வந்ததால திரும்ப வாங்கிட்டாங்க. எட்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதே, அவ்ளோதான்.

கோத்தகிரி தம்பி மறுபடி: பேட்டுக்கு ஜிஎஸ்டி வரி இருக்கா?

பதில்: 2017ல 12% போட்டாங்க, கத்தினோம், 2018 ஜூலையில எடுத்துட்டாங்க.

ஊட்டி லைன்ஸ்லேர்ந்து ஒரு அக்கா: யூஸ் பண்ணத எங்க போடுறது? புதைச்சா மக்குமா?

பதில்: மக்காதுக்கா. மேல் ஷீட்டு, அடி ஷீட்டு எல்லாம் பிளாஸ்டிக், உள்ள ஜெல்லும் பிளாஸ்டிக் சாதிதான். புதைச்சா பன்னி தோண்டும், ஓடையில போட்டா கீழ இருக்குற ஊர் தண்ணியில வந்து நிக்கும், விறகு அடுப்புல போட்டா அந்தப் புகை வீட்டுக்குள்ளயே சுத்தும், சூடு பத்தாம எரிஞ்சா விஷப்புகை. ஸ்கூல்ல வைக்கிற குட்டி இன்சினரேட்டர் பாதிக்குப் பாதி இதே கதைதான்னு என் அபிப்பிராயம், 800 டிகிரிக்கு மேல போகணும், எங்க போகுது? பேப்பர்ல சுத்தி, குப்பை எடுக்குறவங்களுக்குத் தெரியற மாதிரி மேல சிவப்புப் புள்ளி வச்சு, குப்பை வண்டிக்கு தனியா குடுங்க. போடுற கவரையும் பேட் கம்பெனிதான் தரணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லிட்டாங்க, அடுத்த தடவ பாக்கெட் வாங்குறப்ப உள்ள கவர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கடைக்காரர்கிட்ட ஏன்னு கேளுங்க, சத்தமாவே கேளுங்க.