தங்கையைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தீவுக்குப் போகாதீர்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர் பக்கம். திருவனந்தபுரத்தில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அப்பா நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடல் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். இப்போதும் கடலில்தான் இருக்கிறார். அடுத்த மாதம் நண்பர்கள் ஐந்து பேர் லட்சத்தீவு போகிறோம். தின்னகரா தீவில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்குகிறோம். மூன்றாம் இரவு, பக்கத்தில் ஆள் இல்லாத ஒரு தீவின் கடற்கரையில் நாங்கள் மட்டும் தங்குவதாகத் திட்டம். உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவர் மாலையில் இறக்கிவிட்டுக் காலையில் வந்து அழைத்துப்போவார், முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. ஒக்கிப் புயலுக்குப் பிறகு அம்மாவுக்குக் கடல் என்றாலே நடுக்கம். நான் நண்பர்களோடு முட்டம் கடற்கரைக்குப் போனால்கூட நான்கு முறை போன் செய்வார். அதனால் கொச்சியில் அலுவலகப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் தங்கைக்கு மட்டும் உண்மை தெரியும், அவள் சமாளித்துக்கொள்வாள். சம்பாதிக்கும் வயதிலும் அம்மாவின் பயத்துக்குள்ளேயே வாழ வேண்டுமா? அவரை எப்படி மாற்றுவது?

பதில்: தம்பி, உங்கள் அம்மாவை மாற்றும் வழி எதுவும் என்னிடம் இல்லை. அவர் மாற வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஊரும் பேரும் மாறி இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒருவருக்கு மூணாறு, ஒருவருக்கு கோவா, உங்களுக்கு லட்சத்தீவு. எல்லாவற்றிலும் அம்மா பயப்படுகிறார், பிள்ளைக்குச் சம்பளம் வருகிறது. அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் போதுமான அளவு எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி: "அவள் சமாளித்துக்கொள்வாள்."

எதைச் சமாளிப்பாள்? அந்த மூன்றாம் இரவை உங்கள் வீட்டில் இருந்து கொஞ்சம் பாருங்கள். அப்பா கடலில். வீட்டில் அம்மாவும் தங்கையும் மட்டும். ஒன்பது மணிக்கு அம்மா உங்களுக்குப் போன் செய்வார். ஆள் இல்லாத தீவில் செல்போன் கோபுரம் ஏது, சிக்னல் ஏது? கிடைக்காது. பத்து மணிக்கு மறுபடி முயல்வார். பிறகு தங்கையைக் கேட்பார். "பயிற்சி முடிய நேரமாகும் என்று சொன்னான் அம்மா" என்பாள் அவள். பதினோரு மணிக்கு இன்னொரு பொய் வேண்டும். புத்தகம் முன்னால் விரிந்து கிடக்கும். ஒரு வரி மண்டையில் ஏறாது. அம்மாவுக்காவது நீங்கள் கொச்சியில் ஒரு கட்டடத்துக்குள் இருப்பதாக நினைப்பு. கடல் நடுவே மணல்மேல் கிடக்கிறீர்கள் என்று தெரிந்து விழித்திருக்கப்போவது அந்தப் பிள்ளை ஒருத்தி. அம்மா தாங்க மாட்டார் என்று நீங்கள் முடிவு செய்த பயத்தைத் தூக்கி, பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் வைத்திருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் சமாளிப்பது!

அண்ணன் என்கிற உறவுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கனம் உண்டு. தகப்பன் கடலில் இருக்கும் நாட்களில் வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை நீங்கள். தங்கைக்கு வரும் தொல்லையை நீங்கள் சுமக்க வேண்டும். இங்கே தலைகீழாக, உங்கள் உல்லாசத்துக்கு அவள் காவல் நிற்கிறாள். நாளை அவளுக்கு ஒரு சிக்கல் வந்து, உங்களிடம் சொல்லாமல் மறைத்தால், எந்த வாயால் கண்டிப்பீர்கள்?

ஒக்கியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்களுக்கு விவரம் தெரிந்த வயதுதான். 2017 நவம்பர் 30. எச்சரிக்கை எட்டும் முன்பே நம் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. இந்த மாவட்டத்திலிருந்து மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அந்த நாட்களில் யார் யார் காணவில்லை என்ற பட்டியல் எங்கிருந்து வந்தது? பங்குத்தந்தைகளும் ஊர்க்காரர்களும் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். எந்தப் படகு, எந்தத் துறைமுகத்திலிருந்து போனது, என்றைக்குப் போனது, கூடப் போனவர்கள் யார் என்று அந்த வீடுகளில் இருந்த பெண்கள் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் எங்கே தேடுங்கள் என்று அரசாங்கத்தின் முன்னால் போய் நிற்க முடிந்தது. போகிறவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

உங்கள் அப்பாவும் அப்படித்தான் போயிருப்பார். படகின் பெயரும் கூட இருப்பவர்களின் பெயரும் உங்கள் அம்மாவுக்கு மனப்பாடமாக இருக்கும். அதே வீட்டில் பிறந்த நீங்கள் கொச்சி என்று சொல்லிவிட்டு லட்சத்தீவுக்குப் போகிறீர்கள். ஏதாவது ஒன்று ஆனால் உங்கள் ஊரே திரண்டு கொச்சியில் தேடும். இந்தப் பொய் அதுவரைகூட நிற்காது. கொச்சித் தோப்பும்படித் துறைமுகத்தில் தூத்தூர்ப் படகுகள் எத்தனை, உங்கள் உறவுக்காரர்கள் எத்தனை பேர்! போன் எடுக்கவில்லை என்றால் அம்மா அங்கே ஒருவரிடம் "பையனைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லப்போகிறார். அந்த நேரத்தில் உங்கள் தங்கையின் முகம் எப்படி இருக்கும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. லட்சத்தீவுக்குப் போக நுழைவு அனுமதி வேண்டும். 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி அது கட்டாயம். அதற்காகக் காவல் துறைச் சான்றும் வாங்கியிருப்பீர்கள். காவல் நிலையத்துக்குத் தெரிந்திருக்கும் உண்மை பெற்ற தாய்க்குத் தெரியவில்லை.

இனி அந்தத் தீவு. தின்னகராவில் கூடாரம் போட்டுத் தங்க முறையான ஏற்பாடு உண்டு. கேட்டு, அனுமதி வாங்கித் தங்குகிற இடம் அது. அழகான காயல், பவளப்பாறை, வெள்ளை மணல். போய்ப் பாருங்கள், அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. மூன்றாம் இரவு வேறு கதை. லட்சத்தீவின் தீவுகள் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டர் உயரம்தான். தின்னகராவும் பங்காரமும் இருக்கும் அதே காயலில்தான் ஆள் இல்லாத பரளித் தீவுகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அரிப்பில் மறைந்தே போனது. இருட்டிய பிறகு ஒருவனுக்குக் காலில் பவளம் கிழித்தாலும், வயிற்றுவலி வந்தாலும், குடிதண்ணீர் கவிழ்ந்தாலும் விடியும்வரை படகு வராது. பவளப்பாறைகளுக்கு நடுவே வழி தெரிந்து ஓட்டுகிறவர்களே இரவில் தயங்குவார்கள். பெரிய நோய் என்றால் தீவுவாசிகளையே ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் அடங்கி இருக்கும் என்ற நினைப்பு உங்கள் நண்பர்களுக்கு இருக்கலாம். கடற்கரையில் வளர்ந்த உங்களுக்கு இருக்கக் கூடாது. கள்ளக்கடலை உங்கள் ஊர்ச் சிறுவனும் அறிவான். எங்கோ தெற்கே பெருங்கடலில் வீசிய காற்று கிளப்பிய அலை, நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே புயலும் மழையும் இல்லாத ஒரு நாளில் கரை ஏறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. அது பட்டப்பகல், சுற்றிலும் ஊர் இருக்கும் கரை. நீங்கள் போகும் மணல்திட்டில் எச்சரிக்கை வந்தாலும் உங்கள் போனுக்கு எட்டாது.

இதையெல்லாம் என்னைவிட நூறு மடங்கு அறிந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அந்தக் கடலில்தான் அவர் உங்களைப் படிக்கவைத்த பணத்தைச் சம்பாதித்தார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

படகுக்காரரையும் நினைத்துப் பாருங்கள். அனுமதியில் இல்லாத இடத்தில் வெளியூர்க்காரர்களை இரவு இறக்கிவிட்டால், பிடிபடும்போது நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், மாட்டிக்கொள்வது அவருடைய பிழைப்பு. ஒக்கியின்போது திசைமாறிப் போன நம் படகுகள் பல அந்தத் தீவுகளில்தான் கரை சேர்ந்தன. முன்பின் தெரியாத நம் ஆட்களுக்கு அங்கே சோறும் படுக்க இடமும் கிடைத்தன. அந்த ஊர்க்காரர் ஒருவரை உங்கள் ஒரு இரவு ஆசைக்காகச் சிக்கலில் மாட்டிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வார இறுதியில் ஊருக்குப் போங்கள். முதலில் தங்கையிடம், "நீ எதையும் மறைக்க வேண்டாம், நானே சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு முன் அவளிடம், அது முக்கியம். பிறகு அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. 24 வயதில் அது உங்கள் முடிவு. தகவல் சொல்லச் சொல்கிறேன். என்றைக்குக் கப்பல், எந்தத் தீவு, எத்தனை இரவு, கூட வருகிறவர்கள் யார், அவர்கள் வீட்டு எண்கள், எந்த நாளில் போன் கிடைக்காமல் போகலாம், மறுபடி எப்போது அழைப்பீர்கள், அழைக்காவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். அம்மா அழுவார், திட்டுவார். இரண்டு நாள் சாப்பிடாமலும் இருப்பார். அதை முன்னால் நின்று வாங்கிக்கொள்வது பிள்ளையின் வேலை. வளர்ந்தவன் என்று உரிமை கேட்கிறவன் அதற்கும் சேர்த்துத்தான் வளர்ந்திருக்க வேண்டும். அவர் நான்கு முறை போன் செய்தால் நான்கு முறையும் எடுங்கள்.

அப்பா கரைக்கு வந்ததும் அவரிடமும் பேசுங்கள். அதன் பிறகும் போக மனமிருந்தால், தின்னகராவிலேயே மூன்று இரவும் தங்குங்கள். படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம்; பகலில் பவளப்பாறை பார்க்க அவருடைய படகிலேயே போய்வாருங்கள்.