கையேட்டில் உள்ள படமும் தங்கள் மகள் படிக்கப்போகும் கல்லூரியும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மகளின் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 168 என்றும், அவள் மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் படிக்க விரும்புகிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கு வந்த ஒரு தனியார் கல்லூரியின் கையேட்டில் டாக்டர் அப்துல் கலாமின் படத்தை அச்சிட்டு, அவர் படித்த பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே தாங்களும் தருவதாகக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் அறிந்தேன். "எல்லாம் அதே அண்ணா பல்கலைக்கழகம்தானே, வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் சேர்த்துவிடலாமா?" என்பது தங்கள் கேள்வி. வீட்டுக்குப் பக்கம் என்பது நல்ல காரணமாக இருக்கலாம். அந்தப் படம் காரணமாக இருக்கக் கூடாது.

முதலில் வரலாற்றைச் சரிசெய்துகொள்வோம். கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் முடித்துவிட்டு, குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி-யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) வானூர்திப் பொறியியல் படித்தார். அண்ணா பல்கலைக்கழகம் உருவானதோ 1978-இல். அந்த ஆண்டில்தான் கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. ஆகவே கலாமை அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் என்று சொல்வதே, பின்னால் வந்த உறவை முன்தேதியிட்டுச் சொல்வதுதான். எம்.ஐ.டி. அதைச் சொல்லிக்கொள்வதில் நியாயம் உண்டு; அவர் உட்கார்ந்த வகுப்பறை அங்கேதான் இருந்தது. 1980-இல் அங்கே வானூர்திப் பொறியியல் முடித்து, பின்னாளில் இஸ்ரோவின் தலைவரான கே. சிவன் பெயரையும் அது தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கும் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒன்று, இணைப்பு பெற்றிருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் படத்தை அச்சிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டச் சான்றிதழில் பெயர் ஒன்றாக இருக்கும். ஆசிரியரை நியமிப்பதும், ஆய்வகத்துக்குக் கருவி வாங்குவதும், வேலைவாய்ப்புக்கு நிறுவனங்களை அழைப்பதும் அந்தந்தக் கல்லூரியின் பொறுப்பு.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சர் சி. வி. இராமனும் வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் அதன் பட்டதாரிகள்தாம், ஆனால் இருவரும் படித்தது மாநிலக் கல்லூரியில். கணிதமேதை இராமானுஜனின் பெயரும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தே பேசப்படும், அவரோ பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், அங்கே பட்டம் பெறவே இல்லை. 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்து அவரைத் தாங்கிப் பிடித்ததுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமை, என் கணக்கில் அது பட்டம் கொடுப்பதைவிடப் பெரிய செயல். சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநரான நிகார் ஷாஜி திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தபோது, அந்தக் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது; இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறது. அவரை எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் வைப்பது? அவருக்கு மின்னணுவியல் கற்றுக்கொடுத்தது திருநெல்வேலியில் இருந்த அந்த அரசுக் கல்லூரி என்பதுதான் தங்கள் மகளுக்குப் பயன்படும் செய்தி.

அப்படியானால் புகழ்பெற்றவர்களின் வாழ்க்கையால் மாணவர்களுக்குப் பயனே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் அவர்கள் எங்கே படித்தார்கள் என்பதைவிட, படித்த இடத்தில் என்ன நடந்தது, அங்கிருந்து எப்படி வெளியேறினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். கிண்டியில் 1958-இல் சிவில் பொறியியல் முடித்த ராஜ் ரெட்டி, பின்னர் கணினித் துறைக்கு மாறி, செயற்கை நுண்ணறிவுப் பணிக்காக 1994-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருதைப் பகிர்ந்துகொண்டார். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், ஐ.ஐ.டி-யிலும் வேலூர் மருத்துவக் கல்லூரியிலும் இடம் கிடைக்காததைத் தாமே வெளிப்படையாகச் சொன்னவர். அவர் இயற்பியல் பட்டம் பெற்றது பரோடாவில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில், முனைவர் பட்டம் பெற்றது அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில். அதுவும் அரசுப் பல்கலைக்கழகமே. முனைவரான பிறகு மறுபடியும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். 2009-இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கட்-ஆஃப் குறைந்ததற்காகத் தங்கள் மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்களே, இதை அவளிடம் சொல்லுங்கள். எல்லாருக்கும் நோபல் கிடைக்கும் என்று சொல்வதற்காக அல்ல; பதினேழு வயதில் கிடைத்த இடத்தையும் பாடத்தையும் பிறகு மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்காக.

கலாமின் எம்.ஐ.டி. நாட்களிலும் எனக்கு முக்கியமாகப் படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இறுதியாண்டில் விமான வடிவமைப்புப் பணியில் அவருடைய குழு பின்தங்கியிருந்ததைப் பார்த்த பேராசிரியர், மூன்று நாட்களுக்குள் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று எச்சரித்தார். கலாம் இரவெல்லாம் வரைபலகையின் முன் நின்று முடித்தார். ஒரு மாணவனின் வரைபடத்தைக் கூர்ந்து பார்த்து, இது போதாது என்று சொல்லும் ஆசிரியர் அங்கே இருந்தார். தாங்கள் சேர்க்க நினைக்கும் கல்லூரியில் அப்படிப்பட்டவர் இருக்கிறாரா? இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடைகளில் காசு கொடுத்து வாங்கி, அட்டை போட்டு, பெயரை மட்டும் மாற்றிச் சமர்ப்பிக்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அதைக் கண்டும் காணாமல் விடும் துறையில் நான்கு ஆண்டுகள் படித்தவரால், நேர்முகத் தேர்வில் "உன் ப்ராஜெக்டில் இந்தச் சர்க்யூட் ஏன்?" என்ற முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாது.

இதை அறிய ஒரு வேலை நாளில் நேரில் செல்லுங்கள். சேர்க்கைக்காகக் கல்லூரி நடத்தும் விழா நாளில் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையோடு நான் ஒரு கல்லூரிக்குப் போனேன். வரவேற்பறையில் பளிங்குத் தரையும் விஞ்ஞானிகளின் படங்களும் இருந்தன. தொடர்பியல் ஆய்வகத்தில் அலைக்காட்டிகளின் (ஆசிலோஸ்கோப்) மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உறையின் மேல் விரலால் பெயர் எழுதலாம் போல் தூசி. மேசையில் இருந்த பதிவேட்டைப் புரட்டினால், கடைசிப் பதிவு மூன்று மாதம் பழையது. அந்தத் தந்தை வேறு எதையும் கேட்காமல் திரும்பிவிட்டார்.

ஆவணங்களையும் பாருங்கள். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி, எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், இடைநிலை ஆண்டுச் சம்பளம் (எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் இருப்பவருடையது) எவ்வளவு என்ற விவரங்களைக் கொடுக்கிறது. அவை பொதுவில் கிடைக்கும். விளம்பரத்தில் வரும் 'அதிகபட்சச் சம்பளம்' ஒரே ஒருவருடையது, இடைநிலைச் சம்பளம்தான் தங்கள் மகளுக்கு நெருக்கமானது. இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் கல்லூரிக்குப் பொதுவாக அல்ல, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ஆகவே மின்னணுவியல் துறைக்கு அது இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

இவற்றோடு, அதே துறையில் கடந்த மூன்று ஆண்டுகளில் படித்து வெளியேறிய நான்கைந்து பேரிடம் பேச முடிந்தால் நன்று. கல்லூரி தேர்ந்தெடுத்துத் தரும் பெயர்கள் வேண்டாம்; தங்கள் தெருவிலோ மகளின் பள்ளியிலோ விசாரித்தால் யாராவது இருப்பார்கள். முதல் மதிப்பெண் பெற்றவரைவிட நடுத்தரமாகப் படித்தவர் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், அது கல்லூரி மூலம் கிடைத்ததா, ஆய்வகத்தில் கருவியைத் தாங்களே கையாண்டீர்களா, ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறினார்களா என்று கேட்டால் போதும்.

தங்கள் குடும்பத்தில் பட்டம் பெறப்போகும் முதல் ஆள் இவள்தான் என்றால், முதல் பட்டதாரிக்கான சான்றிதழை இப்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அது கிடைக்காது. சென்ற ஆண்டு 168-ஐ ஒட்டிய கட்-ஆஃபுக்குத் தங்கள் இனப் பிரிவில் எந்தெந்தக் கல்லூரிகள் கிடைத்தன என்று பார்த்து, பத்துப் பெயர்களை எழுதி, அரசுக் கல்லூரிகளையும் விடாமல் சேர்த்து, மகளோடு அமர்ந்து வரிசைப்படுத்துங்கள். விருப்பப் பட்டியலை இணையத்தில் பூட்டுவதற்கு முன் அதை எனக்கு அனுப்பினால், வரிசையை ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.